குளிர்காலத்தில் வெளியே வைக்கும் சின்னப் பாய்மரப் படகுக்கு

கனடாவின் ஒன்டாரியோ போன்ற இடங்களில் லேசர் என்ற சின்னப் பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் பலர் குளிர்காலத்தில் அதை வெளியேதான் வைக்க வேண்டியிருக்கும். பனியைவிட, உள்ளே தேங்கும் தண்ணீருக்குத்தான் பயப்பட வேண்டும். உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரியும். பாய்மரம் செருகும் குழியில் தண்ணீர் நின்று உறைந்தால் படகின் ஃபைபர் கிளாஸ் உடல் விரிசல் விடலாம், அதைச் சரிசெய்வது பெரும்பாடு.

அதனால் முதல் உறைபனிக்கு முன்பே நல்ல தண்ணீரில் கழுவி, பின்பக்க வடிகால் மூடியைக் கழற்றி, முன்முனையைத் தூக்கிவைத்து முழுதும் வடிய விடுங்கள். மூடியை வசந்தம்வரை திரும்பப் போட வேண்டாம். உள்ளே காற்று போய்வந்தால்தான் உள்ஈரம் காயும்.

அப்புறம் பழைய கம்பளம் சுற்றிய மரக்கட்டைகள் மேல் கவிழ்த்து வையுங்கள். குழியில் தண்ணீர் சேரவே சேராது. தார்ப்பாய் போட்டால் இறுக்கிச் சுற்றாதீர்கள், பூஞ்சை பிடிக்கும். படகை மட்டும் தரையோடு இறுகக் கட்டுங்கள். வெறும் உடல் 59 கிலோதான், பலத்த காற்று புரட்டிவிடும்.

பாயை நன்றாகக் காயவைத்து, மடிக்காமல் சுருட்டி வீட்டுக்குள் வையுங்கள். கயிறுகளும் அப்படியே.