கட்டுக் கேட்கப் போறீங்களா? கொப்பியோடு போங்கள்

தம்பியை 2009 மே மாதம், போர் முடிகிற நேரம், முல்லைத்தீவு வட்டுவாகலில் கடைசியாகக் கண்டோம். அதற்குப் பிறகு, குறி பார்த்துக் கட்டுச் சொல்பவர், சாத்திரக்காரர் என்று அம்மா ஏறாத வாசல் இல்லை. கூடப் போய் வந்தவள் நான். இன்னும் போய்க்கொண்டிருக்கிற அம்மாக்களைப் போகவேண்டாம் என்று மறிக்க எனக்கு மனம் வராது. போனால் இப்படிப் போங்கள்.

வெளிக்கிட முன்னமே கொப்பியின் முதல் பக்கத்தில், வீட்டாருக்கு மட்டும் தெரிந்த மூன்று விசயங்களை எழுதுங்கள். நாங்கள் எழுதியதில் ஒன்று, அன்றைக்குத் தம்பி போட்டிருந்தது மாமாவின் நீலக் கோடு போட்ட சேட். கை நீளம், முழங்கை வரை மடித்து விட்டிருந்தான்.

பிறகு வாயைத் திறக்காதீர்கள். இதுதான் கஷ்டம். ஓரிடத்தில் விறாந்தை வாங்கில் காத்திருந்தபோது, பக்கத்தில் இருந்த பெண் “எந்த ஊர் அம்மா, ஆரைத் தேடுறீங்கள்?” என்று கேட்டா. அழுகிற தாய்க்கு அது போதும். அம்மா எல்லாம் கொட்டினா. உள்ளே போனதும் அதே கதை வெற்றிலைக்குள்ளிருந்து வந்தது.

கட்டுச் சொல்பவர் சொல்வதை ஒன்றுவிடாமல் எழுதுங்கள். “அவன்ர பேர் தெரிஞ்சுதே பிள்ளை!” என்று அம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தா. கொப்பியில் இருந்தது நாலு எழுத்து: ச, ர, ம, க. “க” என்றதும் “ஓம் ஐயா, குட்டி எண்டுதான் கூப்பிடுவம்” என்று பேரைச் சொன்னது அம்மாதான். பிழையாய்ப்போன மூன்று எழுத்தும் அவவுக்கு நினைவில் இல்லை. அம்மா பொய் சொல்லவில்லை. ஏங்குகிற மனசு பொருந்தியதை மட்டும்தான் வைத்திருக்கும்.

“தண்ணிக்குக் கிட்ட இருக்கிறார்” என்றார் இன்னொருவர். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், நந்திக்கடல்... வன்னியில் தண்ணிக்குத் தூரமான இடம் எது? எப்படி நடந்தாலும் பிழையாகாத சொல்லைக் கணக்கில் எடுக்காதீர்கள். “உயிரோட இருக்கிறார்” என்பதும் அப்படித்தான். இருக்கிற விடை இரண்டு, கண்ணை மூடிச் சொன்னாலும் ஒன்று பொருந்தும்.

முடிந்தால், இருக்குமிடம் உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் படத்தையும் கொடுத்துப் பாருங்கள். நான் மாமாவின் படத்தைக் கொடுத்தேன். “இருட்டறையில அடைச்சு வச்சிருக்கு” என்றார். மாமா வவுனியாவில் தன் கடையில் இருந்தார். யாழ்ப்பாணத்தில் படிப்பித்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், ஏமாற்ற முடியாத சோதனையில் அற்புதம் காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் சாகும்வரை ஒருவரும் அதை வெல்லவில்லை.

வைகாசியில் அம்மாவோடு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போகிறேன். உப்புநீரில் எரியும் என்கிற அந்த விளக்கின் முன்னால் நான் கொப்பியைத் திறப்பதில்லை. அங்கே அம்மா கேட்க மட்டும்தான் செய்கிறா. இந்த இடத்தில் இருக்கிறான் என்று ஒருவரும் சொல்லிக் காசு வாங்குவதில்லை.

கொப்பி உண்மையில் உதவியது வேறு இடத்தில். 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல்போன பிள்ளைகளைக் கேட்டுப் போராட்டத்தில் உட்கார்ந்த அம்மாக்கள் நடுவில், தம்பியை பஸ்ஸில் ஏற்றக் கண்டதாக ஒருவர் சொன்னார். எழுதி, திகதி போட்டு, ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். பல மாதம் கழித்து, அவரை அறியாத வேறொருவரிடம் படத்தை மட்டும் நீட்டினேன். சேட்டைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

“நீலக் கோட்டுச் சேட்,” என்றார் அவர். “கையை மடிச்சு விட்டிருந்த பெடியன்.”