துருவ நட்சத்திரம் தெரியாத மொட்டைமாடியில் போலார் அலைன்மென்ட்

நட்சத்திரங்களைப் படமெடுக்க, கேமராவைச் சுழற்றும் தாங்கியான மவுண்ட்டின் அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாக வைப்பதுதான் போலார் அலைன்மென்ட்; வழக்கமாகத் துருவ நட்சத்திரத்தைக் குறிவைத்துச் செய்வார்கள். சென்னையில் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேலே 13 டிகிரி உயரத்தில்தான் நிற்கும்; கன்னியாகுமரியில் வெறும் 8. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியே அதை மறைத்துவிடும், தொட்டி இல்லாவிட்டால் தூசி மூட்டம். அதைத் தேடி மல்லுக்கட்டுவதைவிட, நட்சத்திரம் நழுவும் திசையை வைத்து அச்சைத் திருத்தும் டிரிஃப்ட் முறையைப் பழகிக்கொள்ளலாம். இதற்கு வடவானம் தெரியவே வேண்டாம்.

படி 1: கேமரா, அதைச் சமன்செய்யும் எதிர் எடை எல்லாவற்றையும் மாட்டி, டிரைபாடை மட்டம் பார்த்து நிறுத்துங்கள். மவுண்ட்டின் சுழல் அச்சை வடக்கே திருப்பி, உயர அளவுகோலில் உங்கள் ஊரின் அட்சரேகையை வையுங்கள். காம்பஸை இரும்புக் கால்களுக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள். நம் ஊரில் அச்சு ஏறக்குறைய படுத்தே கிடக்கும் என்பதால், சில மவுண்ட்களில் எடைத்தண்டு வடக்குக் காலில் இடிக்கும். முதலிலேயே சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

படி 2: டிராக்கிங்கை (நட்சத்திரத்தைப் பின்தொடரும் மோட்டாரை) ஓடவிட்டு, லைவ் வியூவில் ஒரு நட்சத்திரத்தை நடுவில் கொண்டுவாருங்கள். கேமராவை வடக்குப் பக்கம் துளி நகர்த்துங்கள். திரையில் நட்சத்திரம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதுதான் தெற்கு. பாதிக் குழப்பம் இதிலேயே தீர்ந்துவிடும்.

படி 3, இடவலம்: உச்சிக்கோட்டில் (வடக்கிலிருந்து தலைக்கு மேலாகத் தெற்கே போகும் கோடு), வான நடுக்கோட்டை (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானில் ஓடும் கோடு) ஒட்டிய நட்சத்திரம் வேண்டும். பிப்ரவரி நடுவில் இரவு எட்டு மணிவாக்கில் ஓரியன் இடைக்கச்சையின் மேற்குக் கோடியிலுள்ள மிந்தாகா சரியாக அங்கே இருக்கும். சில நிமிடம் கவனியுங்கள். தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே தள்ளியிருக்கிறது, மேற்கே திருப்புங்கள். வடக்கே நழுவினால் கிழக்கே. கிழக்கு மேற்காக ஆடுவதைக் கண்டுகொள்ளாதீர்கள். அது மோட்டார் சமாச்சாரம்.

படி 4, உயரம்: இப்போது கிழக்கே தாழ்வாக உள்ள நட்சத்திரம். அதே நேரத்தில் ஹைட்ரா விண்மீன் குழுவின் ஆல்ஃபார்ட் கிட்டத்தட்ட 27 டிகிரி உயரத்தில் இருக்கும், அது போதும். தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது, உயர்த்துங்கள். வடக்கே நழுவினால் இறக்குங்கள்.

ஒன்றைத் திருத்தினால் மற்றது சற்றுக் கலையும், ஆகவே 3, 4 இரண்டையும் மாறி மாறிச் செய்யுங்கள். அச்சு 1 டிகிரி விலகியிருந்தால் நட்சத்திரம் நிமிடத்துக்குச் சுமார் 16 ஆர்க் விநாடி (ஒரு டிகிரியில் 60-ல் ஒரு பங்கு ஆர்க் நிமிடம், அதில் 60-ல் ஒரு பங்கு ஆர்க் விநாடி) நழுவும், பெரிய பிழை உடனே கண்ணில் படும். கடைசிச் சில ஆர்க் நிமிடங்களுக்குத்தான் பொறுமை தேவை. ஐந்து நிமிடம் அசையாமல் நின்றால், நடுத்தர லென்ஸுக்கு அது தாராளம்.

போல்ட்டுகளை இறுக்கும்போது அச்சு லேசாக நகரும். இறுக்கிவிட்டு மிந்தாகாவை இன்னொரு முறை பாருங்கள், அப்புறம் ஷட்டரைத் திறக்கலாம்.