“டீக்கு வாங்க” என்றால் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள்: பிரிட்டனில் வேளைச் சாப்பாட்டின் பெயர்கள்

வட இங்கிலாந்தில் மான்செஸ்டர், லீட்ஸ், நியூகாசில் பக்கம் அயல்வீட்டார் “கம் ரவுண்ட் ஃபார் யுவர் டீ” என்று கூப்பிட்டால், அது ராச்சாப்பாட்டுக்கான அழைப்பு. மாலை ஐந்தரை, ஆறு மணிக்கு மேசையில் சூடான சாப்பாடு இருக்கும். வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போனால் சங்கடம்தான். வெறும் தேநீர் என்றால் அந்தப் பக்கத்தில் “ப்ரூ” என்பார்கள். எங்கும் புரியும் சொல் “கப்பா”. தென் இங்கிலாந்தில் பிற்பகல் மூன்றரை, நாலு மணிக்கு “டீ” என்று கூப்பிட்டால் பெரும்பாலும் தேநீரும் கேக்கும்தான். ஆகவே சொல்லைப் பார்க்காதீர்கள், மணியைப் பாருங்கள். மணி சொல்லப்படவில்லை என்றால் “வாட் டைம் ஆர் வி ஈட்டிங்?” என்று கேட்டுவிடலாம். யாரும் தப்பாக எடுக்கமாட்டார்கள்.

பெரிய குழப்பம் “டின்னர்” என்ற சொல்லில்தான். பள்ளியில் படித்த ஆங்கிலத்தில் டின்னர் என்றால் இரவு உணவு. வட இங்கிலாந்திலும் நடு இங்கிலாந்தான மிட்லண்ட்ஸிலும் ஏராளமானவர்களுக்கு அது மத்தியானச் சாப்பாடு. “டின்னர்டைம்” என்றால் பன்னிரண்டு மணி. லண்டன்காரருக்கு அதே சொல் இரவு ஏழரை. இதைப் புரிந்துகொள்ள நம்மிடமே ஒரு வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் நாலு இட்லியும் ஒரு தோசையும் உள்ளே போன பிறகும் “டிபன்தான் ஆச்சு, இன்னும் சாப்பிடலை” என்போம். சோறு இருந்தால்தான் சாப்பாடு. டின்னரும் அப்படித்தான்: அன்றைக்கு உண்ணும் பெரிய, சூடான சாப்பாடு எதுவோ அதுவே டின்னர். கிறிஸ்துமஸ் டின்னரை மத்தியானம் இரண்டு மணிக்குச் சாப்பிடுவது அதனால்தான்.

பழைய காலத்தில் எல்லாருக்கும் டின்னர் நண்பகலில்தான். 18ஆம் நூற்றாண்டில் வசதி படைத்தவர்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாலைக்குத் தள்ளினார்கள். நடுவே விழுந்த இடைவெளியை “லஞ்ச்” நிரப்பியது. அதுவும் போதாமல் 1840களில் சீமாட்டிகளின் வீடுகளில் “ஆஃப்டர்நூன் டீ” பரவியது. ஆலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்தவர்களுக்கு டின்னர் நண்பகலிலேயே நின்றது. வேலை முடிந்து வீடு திரும்பியதும் ரொட்டி, இறைச்சி, பாலாடைக்கட்டி, கூடவே ஒரு பெரிய கேத்தல் தேநீர். அந்தச் சாப்பாட்டுக்கே “டீ” என்று பெயர் வந்தது. “ஹை டீ” என்பது இந்த உழைப்பாளிச் சாப்பாடுதான். சிறு சாண்ட்விச்சும் ஸ்கோனும் அடுக்கித் தரும் பிற்பகல் விருந்தை அந்தப் பெயரில் விற்கும் ஓட்டல்கள் உண்டு. அது தவறான பெயர்.

“சப்பர்” இரண்டு விதம். வசதியான தென்பகுதிக் குடும்பத்தில் “கம் ஃபார் சப்பர்” என்றால் ஆடம்பரமில்லாத இரவுச் சாப்பாடு. மற்றப் பல வீடுகளில் படுக்கப்போகும் முன் கடிக்கும் பிஸ்கட்டும் சூடான பாலும். முதல் வகையை இரண்டாவது வகையென்று நினைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போய்விடாதீர்கள்.

பராமரிப்பு இல்லங்களில் வேலைக்கு வருபவர்கள்

கேர் ஹோம் வேலைக்கு வந்திருந்தால் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். இங்கே சொல் குழம்பினால் ஆளுக்கே ஆபத்து. பல இல்லங்களில் மத்தியானம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குப் பெரிய சாப்பாடு. நாலரை, ஐந்துக்கு “டீ” என்ற பெயரில் சூப், சாண்ட்விச். எட்டு மணியளவில் “சப்பர்”, அதாவது ஏதேனும் சூடான பானமும் பிஸ்கட்டும். ஷிஃப்ட் மாறும்போது “ஹி டிட்ன்ட் ஹேவ் ஹிஸ் டின்னர்” என்று முதிய ஊழியர் சொன்னால், மத்தியானச் சாப்பாட்டைச் சொல்லியிருக்கலாம். நீங்கள் இரவுச் சாப்பாடு என்று எடுத்துக்கொண்டால், நீரிழிவுள்ள ஒருவர் காலையிலிருந்து சாப்பிடாமலே இருப்பது உங்கள் கண்ணில் படாமல் போகும். உணவுக்கு முன் இன்சுலின், உணவுடன் மாத்திரை என்று இருந்தால் பெயரை நம்பாதீர்கள். “மார் சார்ட்” என்ற மருந்துப் பதிவேட்டில் உள்ள நேரத்தைப் பாருங்கள், சந்தேகம் என்றால் பொறுப்பாளரிடம் கேளுங்கள். குறிப்பு எழுதும்போது “12.30க்கு அரைத் தட்டு சாப்பிட்டார்” என்று மணியோடும் அளவோடும் எழுதுங்கள்.

பிள்ளைகள்

பள்ளிப் படிவத்தில் “ஸ்கூல் டின்னர்” வேண்டுமா, “பாக்டு லஞ்ச்” கொண்டுவருவார்களா என்று கேட்பார்கள். இரண்டும் ஒரே வேளைதான்: முதலாவது பள்ளி சமைத்துத் தருவது, இரண்டாவது நீங்கள் கட்டிக்கொடுப்பது. 2014 செப்டம்பர் முதல் இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் ரிசெப்ஷன் (ஒன்றாம் ஆண்டுக்கு முந்திய தொடக்க வகுப்பு), ஒன்றாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு இலவசம். பெற்றோரின் வருமானம் பார்ப்பதில்லை. கட்டிக்கொடுப்பதென்றால் பல பள்ளிகளில் கடலை, முந்திரி வகைகளுக்குத் தடை. வேர்க்கடலைச் சட்னி மட்டுமல்ல, கடலை போட்டு இடித்த பொடியும் அதில் சேரும். எள்ளுக்கும் ஒவ்வாமை உண்டு. இட்லிப்பொடி வைக்கும் முன் கேட்டுவிடுங்கள்.

நர்சரியில் மாலைக் குறிப்பில் “டீ: ஆல்” என்றிருந்தால் குழந்தைக்குத் தேநீர் கொடுத்துவிட்டார்கள் என்று பதறவேண்டாம். மூன்றரை, நாலு மணிக்குக் கொடுத்த பாஸ்தாவையோ சாண்ட்விச்சையோ முழுவதும் சாப்பிட்டான் என்று பொருள். ஏழு மணிக்கு மறுபடி பசிக்கும்.

தோழி வீட்டில் “ஸ்டே ஃபார் டீ” என்றால் பிள்ளை அங்கே சாப்பிட்டுவிட்டு ஆறு மணியளவில் திரும்பும். உண்ணாததை முன்கூட்டியே சொல்லுங்கள். “வெஜிடேரியன்” என்றால் இங்கே முட்டை உண்டு. முட்டையும் ஆகாதென்றால் “நோ எக்” என்று தனியாகச் சொல்லவேண்டும். “சாசேஜ்” என்றால் வழக்கமாகப் பன்றி, “காட்டேஜ் பை” மாட்டிறைச்சி, “ஷெப்பர்ட்ஸ் பை” ஆட்டிறைச்சி. “வாட்ஸ் ஃபார் புடிங்?” என்றால் கடைசியில் என்ன இனிப்பு என்ற கேள்வி. ஆனால் “யார்க்ஷர் புடிங்” இனிப்பே அல்ல, முட்டை கலந்த மாவில் சுட்டது. “பிளாக் புடிங்” இரத்தம் சேர்த்துச் செய்தது. “டிஃபின்” என்று கஃபேயில் எழுதியிருந்தால் இட்லியை எதிர்பார்க்காதீர்கள். பிஸ்கட்டை நொறுக்கிச் சாக்லேட்டில் உறையவைத்த துண்டு அது.

அழைப்பிதழ்கள்

“செவன் ஃபார் செவன் தர்ட்டி” என்றால் ஏழுக்கு வரலாம், ஏழரைக்குச் சாப்பிட உட்காருவார்கள். ஐந்து, பத்து நிமிடத் தாமதம் பரவாயில்லை. முன்கூட்டியே மணியடிப்பதுதான் அவர்களுக்குத் தொல்லை. “வெட்டிங் பிரேக்ஃபாஸ்ட்” காலை உணவல்ல, திருமணச் சடங்கு முடிந்ததும் போடும் விருந்து, பெரும்பாலும் பிற்பகலில். உங்கள் அட்டையில் “ஈவினிங் ரிசெப்ஷன்” மட்டும் இருந்தால் அந்த விருந்தில் உங்களுக்கு இலை இல்லை. இரவு எட்டு மணிக்கு மேல் ஏதாவது பஃபே வரும், அதனால் வீட்டில் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டே போங்கள்.

நீங்கள் கூப்பிடும்போதும் இதே கவனம் வேண்டும். “டின்னர் அட் செவன்” என்று சொல்லிவிட்டு நம் வழக்கப்படி ஒன்பதரைக்குச் சோறு போட்டால், ஆறு மணிக்கே சாப்பிட்டுப் பழகிய அயலவர் மிக்சரிலும் வடையிலும் வயிற்றை நிரப்பிக்கொண்டு வீட்டுக் கடிகாரத்தை எட்டிப் பார்த்தபடி இருப்பார். “வி வில் ஈட் அட் எய்ட்” என்று நேரத்தைச் சொல்லி, அதே நேரத்தில் பரிமாறுங்கள். உங்கள் வாயில் “லஞ்ச்”, “ஈவினிங் மீல்” என்ற இரண்டும் இருந்தால் போதும். அவை எங்கும் ஒரே பொருளில் புரியும். ஊர்க்காரர்போல் “டீ”, “சப்பர்” என்று பேச வலிந்து முயலவேண்டியதில்லை.

பிரெஞ்சு பேசும் ஊரில் உறவுகள் இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. பாரிஸில் “தெஜனே” மத்தியானச் சாப்பாடு, “தினே” இரவுச் சாப்பாடு. மொன்றியலில் அதே “தெஜனே” காலைச் சாப்பாடு, “தினே” மத்தியானம், இரவுக்கு “சுப்பே”.