முள் குத்தி வீங்கிய காலைக் கவனிப்பது எப்படி

உடைமுள்ளோ சீமைக்கருவேல முள்ளோ காலில் ஏறிவிட்டால் முதல் வேலை அதை முழுசாக எடுப்பது. எடுத்ததும் தூர எறிந்துவிடாமல், நுனி ஒடியாமல் வந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். அப்புறம் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். எருக்கம்பால், சுண்ணாம்பு, சாணி எதுவும் வேண்டாம், சூடு வைக்கவே வேண்டாம். டி.டி. ஊசி போட்டு ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

கொஞ்ச நேரத்தில் அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்கி, வலிக்கும். இது உடம்பு தானே செய்கிற வேலை. தோலுக்கடியில் எப்போதும் காவலிருக்கும் செல்கள், கிழிந்த திசுவையும் முள்ளோடு வந்த கிருமியையும் கண்டுகொண்டு வேதிப்பொருள்களை விடுகின்றன. ரத்தக்குழாய் விரிந்து நீர் கசிகிறது, சில மணி நேரத்தில் நியூட்ரோபில் என்ற வெள்ளையணுக்கள் வந்து குவிகின்றன. சீழில் பெரும்பகுதி செத்த நியூட்ரோபில்கள்தான். 1882-ல் இத்தாலியின் மெசினாவில், மெச்னிகோஃப் என்ற விஞ்ஞானி நட்சத்திர மீன் லார்வாவுக்குள் ரோஜா முள்ளைச் செருகி வைத்து மறுநாள் காலையில் பார்த்தார், முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்திருந்தன. இத்தனைக்கும் அந்த லார்வாவுக்கு ரத்தக்குழாயே கிடையாது. பிறவியிலேயே வரும் இந்த எதிர்ப்பாற்றலை முதலில் கண்டு சொன்ன அவருக்கு 1908-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

சரி, எந்த வீக்கத்தை விடலாம், எதற்கு ஓட வேண்டும்? சிவப்பு முடிகிற ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். சில மணி நேரம் கழித்து அது கோட்டைத் தாண்டிப் பரவியிருந்தாலோ, கெண்டைக்காலில் சிவப்புக் கோடாக ஏறினாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ, தொடையிடுக்கில் நெறி கட்டினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் வலியை நம்பக் கூடாது. காலில் உணர்ச்சி மங்கியிருக்கலாம் என்பதால், தினமும் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

பலரும் கோட்டை விடுவது இதற்கு அப்புறம்தான். ஈச்ச முள்ளோ வேறு முள்ளோ விரல் மூட்டிலோ முழங்காலிலோ நுனி ஒடிந்து உள்ளே தங்கிவிட்டால், கிருமியே இல்லாமல்கூட மூட்டு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வீங்கி வீங்கி வற்றும், ஏனென்றால் வெள்ளையணுக்களால் அதைக் கரைக்கவும் முடியாது, விட்டுப் போகவும் தெரியாது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டால் வீக்கம் இறங்கும், நிறுத்தியதும் திரும்ப வரும். எக்ஸ்ரேயில் முள் பெரும்பாலும் தெரியாது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியோ வேறு எங்கோ, டாக்டரிடம் "முன்னால் இங்கே முள் குத்தியது" என்று நீங்களாகவே சொல்லி, ஸ்கேன் பார்க்கலாமா என்று கேளுங்கள்.

முள்ளே குத்தாமல் கால் பெருவிரல் ராத்திரியில் திடீரென்று வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிறதா? யூரிக் அமிலப் படிகமாக இருக்கலாம். அது உடம்புக்குள்ளேயே விளைகிற முள் மாதிரிதான். வெள்ளையணு அதை விழுங்கியதும் என்.எல்.ஆர்.பி.3 என்ற உள் அலாரம் கிளம்பி, வீக்கத்தை மூட்டிவிடும் இன்டர்லூகின்-1 வெளியே வருகிறது. இது தெரியவந்தது 2006-ல்தான். வலியின்போது டாக்டர் கொடுப்பது வீக்கத்துக்கான மருந்து. படிகம் கரைய, ரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு (100 மில்லிக்கு) 6 மில்லிகிராமுக்குக் கீழே நீண்ட நாள் இருக்க வேண்டும், அதற்கு மாத்திரை தனி. வீக்கம் இருக்கும்போது எடுத்த ரத்தப் பரிசோதனையில் அளவு சரியாக இருப்பதுபோலக் காட்டலாம், அதனால் வீக்கம் வடிந்து ரெண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள்.