சிற்றூர்க் கார் கண்காட்சியில் பழைய கார்களைப் பார்ப்பது எப்படி

அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஏதாவது ஒரு சனிக்கிழமையில், சிற்றூரின் கடைத்தெருவில் போக்குவரத்தை நிறுத்தி, இரு பக்கமும் பழைய கார்களை வரிசையாக நிறுத்திவிடுவார்கள். விஸ்கான்சின் மாநிலத்தில் ஏறத்தாழ 1,200 பேர் மட்டுமே வாழும் அயோலா என்ற ஊரில் 1972இல் தொடங்கிய கண்காட்சிக்கு இப்போது ஒவ்வொரு ஜூலையிலும் ஆயிரக்கணக்கான கார்கள் வருகின்றன; மற்ற ஊர்களில் ஐம்பது அறுபது கார்கள் சேர்ந்தாலே நல்ல கண்காட்சிதான். அருங்காட்சியகத்தில் கயிற்றுக்கு அப்பால் நிற்கும் காரைப் பற்றி ஒரு பலகை சொல்வதோடு சரி. இங்கோ, ஒவ்வொரு காருக்குப் பக்கத்திலும் மடக்கு நாற்காலியில் அதன் உரிமையாளரே உட்கார்ந்திருக்கிறார். காரைக் கூர்ந்து பார்த்துவிட்டு அவரிடம் சரியான கேள்வியைக் கேட்கத் தெரிந்துகொண்டால், வேறெங்கும் கிடைக்காத தகவல்கள் அங்கே கிடைக்கும்.

காலையில் சீக்கிரமாகப் போவது நல்லது. கார்கள் ஒவ்வொன்றாக ஓடிவந்து இடம்பிடிக்கும் நேரத்தில் எஞ்சின் சத்தத்தைக் கேட்கலாம். வெயில் சாய்வாக விழுவதால் கார் உடலின் வளைவுகளும் மேடுபள்ளங்களும் தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் குரோம் பூச்சு கண்ணைக் கூசவைக்கும், புகைப்படமும் சரியாக வராது. பழைய கார்களின் வண்ணப்பூச்சுக்கு மேல் இன்றைய கார்களில் உள்ளதைப்போலக் காப்புப் பூச்சு கிடையாது என்பதால், இடுப்பு வார் கொக்கியோ தோள்பையின் ஜிப்போ லேசாக உரசினாலே கீறல் விழுந்துவிடும். ஆகவே பையை முன்பக்கமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். குழந்தைகளின் கையில் ஐஸ்கிரீம் இருந்தால் அதை முடித்த பிறகே வரிசைக்குள் அழைத்துச் செல்லுங்கள். கதவு திறந்தே இருந்தாலும், உள்ளே தலையை நீட்டுவதற்கு முன் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

காரின் வயதை ஊகிக்கச் சில அடையாளங்கள் போதும். ஒல்லியான சக்கரமும் நிமிர்ந்த கண்ணாடியும் கொண்டு உயரமாக நிற்பது, 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் தயாரான ஃபோர்டு மாடல் டி ஆக இருக்கலாம். 1932இல் ஃபோர்டு நிறுவனம் நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில் எட்டு சிலிண்டர் கொண்ட வி8 எஞ்சினைக் கொடுத்தது. பின்னாளில் இளைஞர்கள் மட்கார்டுகளைக் கழற்றிவிட்டு வேகத்துக்காக மாற்றியமைத்த ஹாட் ராட் கார்களில் பலவும் அந்த மாடலிலிருந்து பிறந்தவை. பின்புறத்தில் வால் துடுப்புகள் எழுந்தால் அது ஐம்பதுகளின் பிற்பகுதி. அவற்றின் உச்சம் 1959ஆம் ஆண்டின் காடிலாக். 1957ஆம் ஆண்டு செவ்ரோலெட் பெல் ஏர் நின்றால், பெட்ரோல் எங்கே ஊற்றுவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். இடப்பக்கத் துடுப்பின் ஓரத்தில் குரோம் பட்டைக்குப் பின்னால் மறைந்திருக்கும் மூடியை உரிமையாளர் மகிழ்ச்சியோடு திறந்துகாட்டுவார். தடித்துத் துருத்திக்கொண்டிருக்கும் பம்பர் உள்ள காராக இருந்தால், மோதல் பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்த 1973ஆம் ஆண்டு மாடலோ அதற்குப் பிந்தையதோ என்று கொள்ளலாம்.

வயதைவிட முக்கியமானது, கார் எந்த நிலையில் இருக்கிறது என்ற கேள்வி. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே, தேய்மானத்தோடு நிற்கும் ஒரிஜினல் கார் ஒரு வகை. பிரித்துப் புதுப்பித்துப் பழைய வடிவுக்கே திருப்பிய கார் இன்னொரு வகை. பழைய உடலுக்குள் புதிய எஞ்சினும் டிஸ்க் பிரேக்கும் ஏசியும் பொருத்திய கார் மூன்றாவது. மூன்றுக்கும் உழைப்பு உண்டு என்றாலும், என்னைப் பொறுத்தவரை முதல் வகைக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். அந்தக் காலத்தில் இருக்கைகளில் தையல் எப்படிப் போட்டார்கள், கதவின் உட்புறத்தில் வண்ணம் எவ்வளவு மெல்லியதாகப் பூசினார்கள் என்பவற்றுக்கெல்லாம் அதுதான் நேரடிச் சான்று.

உடலைச் சோதிக்க, பின் மட்கார்டின் அருகே குனிந்து, காரின் பக்கவாட்டை முன்னோக்கி நீளமாகப் பாருங்கள். எதிரொளிப்பு நேராக ஓடாமல் அலையடித்தால், அங்கே டிங்கரிங் செய்து, பள்ளத்தை நிரப்பும் பசையான பட்டி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். கதவுக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் இருக்கிறதா என்று கவனியுங்கள். இரும்புத் தகட்டில் ஒட்டும் காந்தம் பட்டியின் மேல் சரியாக ஒட்டாது என்பதால், அதைக் கண்டுபிடிக்கச் சிலர் சட்டைப்பையில் காந்தம் கொண்டுவருகிறார்கள். அனுமதியின்றிக் காந்தத்தை ஒட்டிப்பார்ப்பது பெரிய மரியாதைக் குறைவு. மேலும், 1953இல் அறிமுகமான நாள்முதல் செவ்ரோலெட் கார்வெட்டின் உடல் கண்ணாடியிழையால் ஆனதால், அதில் காந்தம் எங்குமே ஒட்டாது. அக்காலத்து அமெரிக்க கார்கள் பலவற்றின் ஓடோமீட்டரில் ஓடிய மைலைக் காட்ட ஐந்து இலக்கங்கள்தான் இருந்தன. லட்சம் மைலைத் தாண்டியதும் அது மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடும். முப்பத்து நாலாயிரம் என்று காட்டுவது லட்சத்து முப்பத்து நாலாயிரமாகவும் இருக்கலாம். பிரேக் பெடலின் ரப்பரும் ஓட்டுநர் இருக்கையின் ஓரமும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பார்த்தால் பெரும்பாலும் உண்மை விளங்கிவிடும்.

காரின் மேல் பதித்திருக்கும் மாடல் பெயரை மட்டும் நம்பிவிடாதீர்கள். போன்டியாக் ஜிடிஓ 1964இலும் 1965இலும் தனி மாடலாக அல்லாமல், டெம்பெஸ்ட் வரிசைக்கு வாங்குபவர் கூடுதலாகக் கேட்டுப் பெறும் தொகுப்பாகவே விற்கப்பட்டதால், சேசிஸ் எண்ணைப் பார்த்து அது அசல் ஜிடிஓ என்று உறுதிசெய்ய முடியாது. 1966 முதல்தான் 242 என்று எண் தொடங்குகிறது. முதல் தலைமுறை ஃபோர்டு மஸ்டாங் இதற்கு மாறானது. 5F08K என்று அதன் எண் தொடங்கினால், 1965 மாடல், டியர்பார்ன் தொழிற்சாலை, மடக்குக்கூரை, 289 கன அங்குல உயர்திறன் எஞ்சின் என்று வரிசையாகப் படித்துவிடலாம். இந்த எண்ணைப் பற்றிக் கேட்கும்போது சந்தேகம் தொனிக்காமல், ஆவணங்கள் கிடைத்தனவா என்று ஆர்வத்தோடு கேளுங்கள். கார் எந்தெந்தப் பாகங்களோடு தயாரானது என்று குறித்த தொழிற்சாலைத் தாளை ஒளிபுகும் உறையில் போட்டு எடுத்துவரும் உரிமையாளர்கள் உண்டு. அதைக் காட்டக் காத்திருப்பவர்களும் உண்டு.

விலையை முதல் கேள்வியாக வைக்கவே கூடாது. எத்தனை ஆண்டுகளாக உங்களிடம் இருக்கிறது, யாரிடமிருந்து வந்தது, எந்தப் பாகத்தைத் தேடுவது கடினமாக இருந்தது என்று கேட்டால் பேச்சு தானாக வளரும். ஐம்பதுகளின் தொடக்கத்துச் செவ்ரோலெட்டாகவோ ஃபோர்டாகவோ இருந்தால், இன்னும் ஆறு வோல்ட் பேட்டரியிலேயே ஓடுகிறதா என்று கேளுங்கள். செவ்ரோலெட் 1955இலும் ஃபோர்டு 1956இலும்தான் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாறின. அவர் மாற்றியிருந்தாலும் மாற்றாவிட்டாலும் அதற்கு ஒரு காரணம் வைத்திருப்பார். அந்தக் காரணத்திலிருந்து, காரை அவர் எப்படிப் பேணுகிறார் என்பது உங்களுக்கு விளங்கிவிடும்.

சிறந்த காரைத் தேர்ந்தெடுக்கப் பார்வையாளர்களுக்கு வாக்குச்சீட்டு கொடுத்தால், அதை வரிசை முழுவதையும் சுற்றிவந்த பிறகே நிரப்புங்கள். பரிசளிப்பு முடிந்ததும் கார்கள் கிளம்பும் பக்கத்தில் போய் நில்லுங்கள். ஸ்டார்ட் செய்தவுடன் நீலப்புகை சிறிது வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல்கள் தேய்ந்திருக்கும். வேகமெடுக்கும்போதும் நீலப்புகை தொடர்ந்தால் பிஸ்டன் ரிங்குகளைச் சந்தேகிக்கலாம். கறுப்புப் புகை வந்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் அளவு கூடியிருக்கிறது. காலையில் மெருகைக் கண்டு நீங்கள் வியந்த கார் எது, எஞ்சினும் நன்றாக உள்ள கார் எது என்பதை அப்போது ஒப்பிட்டுப் பார்க்கலாம்.