உப்புவெளிப் போர்க் கல்லறையில் சின்னம் வாசிப்பது எப்படி

நிலாவெளி வீதியால் பஸ்ஸில் போகும்போது எட்டிப் பார்த்துவிட்டுக் கடந்துபோகிற இடம்தான் திருகோணமலைப் போர்க் கல்லறை. ஒருநாள் இறங்கிப் பாருங்கள், ஆனால் காலையிலேயே. வெயில் சரிந்து விழுந்தால்தான் செதுக்கல் நிழல் காட்டும், உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். பிந்திவிட்டால் போன் டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். கரி, சோக் எதையும் தேய்க்க வேண்டாம்.

பெயரை அப்புறம் பார்க்கலாம், முதலில் இறந்தவர் எந்தப் படை என்று காட்டும் சின்னம்.

நங்கூரம் என்றால் கடற்படை. கிட்டப் போய்ப் பார்த்தால் அதில் கயிறு சுற்றிக் கிடக்கும். நம்மூர்க் கடற்தொழிலாளியைக் கேட்டால் கயிறு சிக்கின நங்கூரம் பெரிய தலையிடி என்பார், ஆனால் பிரித்தானியக் கடற்படைத் தலைமையின் பழைய முத்திரையே அதுதான். பார்க்க அழகாக இருக்கிறதென்று விட்டுவிட்டார்கள் போல.

சிறகு விரித்த பறவை விமானப்படை. சீனக்குடாவில் தளம் வைத்திருந்தவர்கள். அது கழுகா, அல்பட்ரோஸ் என்ற கடற்பறவையா என்று அந்தப் படைக்காரர்களே வாக்குவாதப்பட்டதுண்டு, கழுகுதான். கூட வரும் இலத்தீன் வாசகத்துக்கு ‘இடர் கடந்து விண்மீன்களுக்கு’ என்று பொருள்.

சக்கரத்தோடு பீரங்கி இருந்தால் பீரங்கிப் படை. ‘உபிக்வே’ என்றும் இருக்கும், ‘எங்கும்’ என்று அர்த்தம். எல்லாச் சண்டையிலும் நின்றவர்கள் என்பதால் போர்க்களப் பெயர்களை அடுக்காமல் ஒரே சொல்லோடு முடித்துவிட்டார்கள். பொறியியல் படைக்கும் இதே வாசகம் உண்டு, அதனால் சொல்லை நம்பாமல் படத்தைப் பாருங்கள்.

மேலே கிரீடம் வந்தால் அதன் வளைவைக் கவனியுங்கள். குவிமாடம் மாதிரி உருண்டிருந்தால் மன்னர் காலத்தது, நடுவில் பள்ளமாக இறங்கினால் 1953க்குப் பிந்திய ராணி காலத்தது. இங்கே உள்ளவை பெரும்பாலும் இரண்டாம் உலகப்போர்க் காலத்தவை, ஆகவே உருண்டதைத்தான் எதிர்பாருங்கள்.

இலையில்தான் பலர் தடுமாறுவார்கள். படைச் சின்னங்களைச் சுற்றி வருவது பெரும்பாலும் வெற்றிக்கான லாரல். ஹெய்ட்டிக்கு ஐ.நா. அமைதிப்படையாகப் போய்வந்தவர்களின் நீலத் தொப்பியில், வடதுருவத்தை நடுவில் வைத்த உலகப்படத்தை அணைத்து நிற்பது ஒலிவ், சமாதானத்துக்கு.

சரி, இனித் திகதி. 9 ஏப்ரல் 1942 என்று கண்டால் அன்று காலை ஜப்பானிய விமானங்கள் நம் துறைமுகத்தில் குண்டு போட்டதை நினைவில் வையுங்கள். அதே நாள்தான் மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலும் தாண்டது. அதில் போனவர்களை இங்கே தேடி அலைய வேண்டாம். கடலோடு போன மாலுமிகளின் பெயர்கள் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத், பிளிமத், சாதம் நகரங்களின் நினைவுத் தூண்களில் இருக்கின்றன.