பழைய லேப்டாப்பில் புது ஓஎஸ்: காசையும் நேரத்தையும் தின்னும் தவறுகள்

2012, 2013 வாக்கில் வாங்கிய 4 ஜிபி ரேம் உள்ள லேப்டாப் கோலாலம்பூரில் இன்னும் நிறைய வீடுகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பிள்ளைகளின் வீட்டுப்பாடம், அம்மா யூடியூபில் பார்க்கும் சீரியல், மின்சாரக் கட்டணம், இவ்வளவுதான் வேலை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்ததிலிருந்து, "இதில் விண்டோஸ் 11 போடலாமா, லினக்ஸ் போடலாமா?" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். அதை முதல் கேள்வியாகக் கேட்பதே தவறு. மெஷின் எதற்காகத் திணறுகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் ஓஎஸ் (விண்டோஸ், லினக்ஸ் மாதிரி இயங்குதளம்) பேச்சுக்கு வரலாம்.

பார்ப்பது சுலபம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் மெமரி 60, 70 சதவீதத்தில் இருக்க, டிஸ்க் மட்டும் 100-லேயே நின்றால், உங்கள் பிரச்சினை ரேம் (அதாவது அந்த மெமரி) இல்லை, உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் பழைய ஹார்ட் டிஸ்க். அந்த வகை டிஸ்க் ஒரு நொடியில் வெவ்வேறு இடங்களுக்குப் போய்ச் சின்னச் சின்னத் தகவல்களை எடுத்து வருவது ஏறக்குறைய 100 தடவைதான். சுற்றும் பாகமே இல்லாத சாதாரண சாட்டா எஸ்எஸ்டி அதையே பல்லாயிரம் தடவை செய்யும். ரேம் நிரம்பும்போது ஓஎஸ் கொஞ்சம் தகவலை எடுத்து டிஸ்க்கில்தான் வைக்கிறது என்பதால், டிஸ்க் மெதுவாக இருந்தால் ரேம் பற்றாக்குறையும் பல மடங்காகத் தெரியும். என்னைக் கேட்டால், அன்றாட வேலைக்கு ஹார்ட் டிஸ்க்கோடு 8 ஜிபி வைத்திருப்பதைவிட எஸ்எஸ்டியோடு 4 ஜிபி வைத்திருப்பது மேல். ஆக, ஓஎஸ் மாற்றும் முன் டிஸ்க்கை மாற்றுங்கள்.

சரி, ரேமும் போடத்தான் வேண்டும் என்றால், அளவை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு லோயாட் பிளாசா கம்ப்யூட்டர் கடைகளுக்குக் கிளம்பாதீர்கள். டிடிஆர்2, டிடிஆர்3, டிடிஆர்4 மூன்றும் ஒன்றின் இடத்தில் ஒன்று உட்காராது, இது பலருக்கும் தெரியும். டிடிஆர்3-க்கும் டிடிஆர்3எல்-க்கும் உள்ள வித்தியாசத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்: இரண்டும் ஒரே சாக்கெட்டில் அழகாக உட்காரும், ஆனால் முதலாவதுக்கு 1.5 வோல்ட், இரண்டாவதுக்கு 1.35 வோல்ட், 2013-க்குப் பிறகு வந்த பல லேப்டாப்புகள் 1.5 வோல்ட் ரேமைப் போட்டால் திரையே காட்டாது. பழைய ரேமைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போனால் இந்தத் தலைவலி இல்லை. கழற்றப் போனால் ரேம் போர்டிலேயே ஒட்டியிருக்கிறது என்றால் அங்கேயே கதை முடிந்தது. இன்னொன்று, பழைய வகையான 32 பிட் விண்டோஸ் ஓடும் மெஷினில் 8 ஜிபி போட்டாலும் அது 4 ஜிபிக்குள்தான் பயன்படுத்தும்.

அடுத்தது விண்டோஸ் 11-ஐ வலுக்கட்டாயமாக ஏற்றுவது. அது அதிகாரபூர்வமாகக் கேட்பது 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, அதோடு இன்டெல் என்றால் ஏறக்குறைய 8-ஆம் தலைமுறை சிப். ரூஃபஸ் மாதிரிக் கருவியால் இந்தச் சோதனைகளைத் தாண்டிவிடலாம், யூடியூபில் பத்து நிமிஷ வீடியோ கிடைக்கும். ஆனால் இப்படி ஏற்றிய மெஷினுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் எந்த உத்தரவாதமும் தருவதில்லை. 2024-இல் வந்த 24எச்2 பதிப்போ கோர் 2 டுவோ காலத்துச் சிப்களில் தொடங்கவே செய்யாது, அதற்கு வேண்டிய கட்டளைகள் அந்தச் சிப்களில் கிடையாது. பாதுகாப்புக்காக ஓஎஸ் மாற்றிவிட்டு, அப்டேட் வருமா வராதா என்று பார்த்துக்கொண்டிருப்பதில் என்ன அர்த்தம்?

லினக்ஸ் பக்கம் போகிறவர்கள் செய்யும் தவறு வேறு மாதிரி. இலேசான ஓஎஸ் போட்டதும் எல்லாமே இலேசாகிவிடும் என்ற நம்பிக்கை. லினக்ஸ் மிண்ட் என்ற லினக்ஸ் வகையின் இலேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்புக்குக் குறைந்தது 2 ஜிபி, வசதியாக ஓட 4 ஜிபி என்று அவர்களே சொல்கிறார்கள். அந்த ஓஎஸ் மிச்சம் பிடித்துக் கொடுக்கும் சில நூறு எம்பியை, பிரவுசர் மூன்று நான்கு டேப்பில் காலி செய்துவிடும். ஜிமெயிலும் பேஸ்புக்கும் எந்த ஓஎஸ்ஸில் திறந்தாலும் அதே கனம்தான். டேப்புகளைக் குறையுங்கள், ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானைப் போடுங்கள், குரோம் என்றால் மெமரி சேவரை இயக்குங்கள். ஓஎஸ் மாற்றுவதைவிட இதில் கிடைக்கும் பலன் அதிகம். யூடியூப் திக்கித் திக்கி ஓடினால் அதற்கும் ரேமைத் திட்ட வேண்டாம். யூடியூப் அனுப்பும் விபி9, ஏவி1 வகை வீடியோக்களைப் பிரிக்கப் பழைய கிராபிக்ஸ் சிப்பால் முடியாது, முழு வேலையும் சிபியு தலையில் விழுகிறது. எச்264 வகையையே கேட்டு வாங்கும் ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் போட்டால் நிறைய மெஷின்களில் இந்தத் திக்கல் போய்விடும்.

"ரேம் குறைவா, 32 பிட் போடு" என்ற யோசனைக்கும் வயதாகிவிட்டது. குரோம் 32 பிட் லினக்ஸை 2016-லேயே கைவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் வகைக்கு 32 பிட் இன்ஸ்டாலரே இல்லை. சிப் 64 பிட் என்றால் 64 பிட்டே போடுங்கள்.

ரேம் கிளீனர், பூஸ்டர் என்று வரும் எதையும் தொடாதீர்கள். லினக்ஸோ விண்டோஸோ, காலியாக இருக்கும் ரேமில் அடிக்கடி தேவைப்படும் கோப்புகளை எடுத்து வைத்துக்கொள்ளும், கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். லினக்ஸில் ஃப்ரீ என்ற கட்டளையைப் போட்டு, ஃப்ரீ என்ற எண் சின்னதாக இருப்பதைக் கண்டு பதறுகிறவர்கள் பக்கத்திலுள்ள அவெய்லபிள் என்ற எண்ணைப் பார்த்தால் போதும். எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்று பயந்து, ரேம் நிரம்பும்போது டிஸ்க்கில் இடம் தரும் ஸ்வாப்பை அணைத்துவிடுவது இதைவிட மோசம், 4 ஜிபி மெஷினில் அப்படிச் செய்தால் ஒரு நாள் பிரவுசர் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளும். லினக்ஸில் இசட்ரேம் போடுங்கள். அது தகவலை ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கிறது.

லினக்ஸை நிறுவும் முன் யூஎஸ்பியிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை வருகிறதா, சத்தம் வருகிறதா, தமிழ் தட்டச்சு ஆகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். சில பிராட்காம் வைஃபை சிப்களுக்குத் தனியாக டிரைவர் வேண்டும். தமிழுக்கு ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியோடு எம்17என் தொகுப்பையும் போட்டால் தமிழ்99, ஃபோனெடிக் இரண்டும் கிடைக்கும். முரசு அஞ்சல் முறையில் பழகிய கைக்கு ஃபோனெடிக் ஓரளவு சரிப்படும். எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கை வந்தால், தேதி 2009-க்குப் போயிருக்கிறதா என்று பாருங்கள். போர்டில் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

அரசாங்கம் முன்பு மாணவர்களுக்குக் கொடுத்து, இப்போது அலமாரியில் கிடக்கும் 1மலேசியா நெட்புக்கை என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். அந்தக் காலத்து ஆட்டம் என்450, என்455 சிப்களுக்கு 2 ஜிபிதான் உச்சம், அதற்கு மேல் ஏற்றவே முடியாது. ஆன்டிஎக்ஸ் என்ற மிக இலேசான லினக்ஸைப் போட்டுத் தட்டச்சுக்கும் பாட்டுக்கும் வைத்துக்கொள்ளலாம். எஸ்பிஎம் பரீட்சை எழுதும் பிள்ளையிடம் அதைக் கொடுத்து கூகுள் மீட்டில் சேரச் சொல்லாதீர்கள். அந்த நெட்புக்கைச் சரிசெய்ய ஆகும் செலவை, அலுவலகங்கள் கழித்துப் போடும் ஐ5 லேப்டாப் ஒன்றுக்குக் கொடுங்கள், 8 ஜிபி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.